அயலானின் வீடும் வேலையும்: யூட்டா மாநிலத் திருமணச் சட்டங்களின் கதை

2015 மார்ச் 4ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் ஒரு செய்தியாளர் சந்திப்பு நடந்தது. மோர்மன் சபை என்று உலகம் அறிந்த ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யின் மூத்த தலைவர்கள் அங்கே நின்றார்கள். அந்தச் சபையின் அரசியலால் பல்லாண்டுகளாகக் காயப்பட்டிருந்த தன்பாலீர்ப்பாளர், திருநர் இயக்கங்களின் முன்னணியினரும் அதே மேடையில் நின்றார்கள். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று சொல்லும் மசோதாவை இரு தரப்பும் சேர்ந்து முன்வைத்தன. எட்டே நாளில், மார்ச் 12 அன்று, ஆளுநர் கேரி ஹெர்பர்ட் கையெழுத்திட, அது சட்டமாயிற்று.

ஆறாண்டுகளுக்கு முன் இதே நகரம் கண்ட காட்சி வேறு. 2008 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சபையின் பெரிய ஆலயத்தைச் சூழ்ந்து முழக்கமிட்டார்கள். கலிபோர்னியாவில் தன்பாலின மணத்தைத் தடைசெய்த வாக்கெடுப்புக்குச் சபையினர் பணமும் உழைப்பும் கொடுத்திருந்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

முழக்கத்திலிருந்து மேடைக்கு வந்த இந்த இடைவெளியில் எந்தத் தரப்பும் தன் கொள்கையைக் கைவிடவில்லை. ஆணும் பெண்ணும் இணைவதே கடவுள் வகுத்த திருமணம் என்று சபை 2008இல் சொன்னது, 2015இலும் சொன்னது, இன்றும் சொல்கிறது. எங்கள் இணைவுக்கும் சட்டத்தின் முன் சம இடம் வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் கோரிக்கையும் தளரவில்லை. அப்படியானால் மாறியது எது? அரசியலில் எதிரணியில் நிற்பவரை நேசிப்பது என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்கும் எவருக்கும் இந்தக் கேள்வி முக்கியமானது. அன்பு உள்ளத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எதிராளியின் கூரையும் கூலியும் பாதுகாப்பாக இருக்க நம் கையால் நாம் செய்வதில்தான் அந்த அன்பு உண்மையா என்று தெரியும். யூட்டாவின் கதையில் அந்தச் செயல் எங்கே நடந்தது, எங்கே நடக்காமல் நின்றுபோனது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சட்டத்தால் அடிபட்ட சபை

திருமணச் சட்டத்தை இந்தச் சபை முதலில் அறிந்தது அடிபட்டவர்களின் இடத்திலிருந்து. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபை, போன இடமெல்லாம் விரட்டப்பட்டது. 1844இல் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் மக்கள் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். கிறிஸ்து அல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று நம்பும் இவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். திரித்துவக் கோட்பாட்டை மரபான பொருளில் இவர்கள் ஏற்பதில்லை என்பதால் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டு சபையினர் பலரும் அதை ஒப்புவதில்லை.

1852இல் சபை பலதார மணத்தைத் தன் போதனையாக வெளிப்படையாக அறிவித்தது. நாடு கொதித்தது. 1856இல் குடியரசுக் கட்சி தன் முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் அறிக்கையில் அடிமைமுறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்களாக ஒரே தட்டில் வைத்தது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் பலதார மணத்தைக் குற்றமாக்கியது. 1882, 1887ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இன்னும் கடுமையானவை. பலதார மணம் செய்தவர்கள் வாக்குரிமையையும் பதவி வகிக்கும் உரிமையையும் இழந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றார்கள். சபையின் சட்டப் பதிவு ரத்தாகி, அதன் சொத்துகள் பறிமுதலுக்கு உள்ளாயின.

இந்தச் சட்டங்களின் பின்னே உண்மையான ஒரு கவலையும் இருந்தது. பிரிகாம் யங்கின் மனைவியருள் ஒருவரான ஆன் எலைசா யங் 1873இல் விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்து, பலதார மணத்துக்குள் பெண்கள் படும் வேதனையை ஊர் ஊராகச் சென்று பேசினார். அதே நேரத்தில், பலதார மணக் குடும்பத்தில் வாழ்ந்த எம்மலின் வெல்ஸ் பெண்களுக்கான இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்து பெண்களின் வாக்குரிமைக்குப் போராடினார். யூட்டாப் பெண்கள் 1870 முதலே வாக்களித்து வந்தவர்கள். அவர்களை மீட்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட 1887ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாக்குரிமையைப் பறித்தது. பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்ற சட்டம் அந்தப் பெண்களைக் கேட்காமலே எழுதப்பட்டது. யாருடைய நன்மைக்காகச் சட்டம் இயற்றுகிறோமோ அவர்களை மேசைக்கு அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம்.

1890இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், நாட்டின் சட்டம் தடுக்கும் திருமணங்களைத் தவிர்க்குமாறு சபையாருக்கு அறிவித்தார். 1896இல் யூட்டா தனி மாநிலமாயிற்று. பலதார மணத்தை என்றென்றைக்கும் தடைசெய்வதாக அரசமைப்பில் எழுதித்தந்த பிறகே அந்தத் தகுதி கிடைத்தது.

உடன்கட்டையும் உடுப்பி மடமும்

அந்தப் போராட்டம் விட்டுச்சென்ற தீர்ப்புகளில் இரண்டு நம் நாட்டையும் தொட்டன. பிரிகாம் யங்கின் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1879 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது, நம்பிக்கையின் பெயரால் நடக்கும் செயலில் தலையிடலாம் என்றது நீதிமன்றம். அதை விளக்கத் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, கணவனின் சிதையில் எரிவதைத் தன் மதக் கடமையாக ஒரு பெண் நம்பினால் அரசு அதைத் தடுக்கக்கூடாதா என்ற கேள்வி. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம், ஐரோப்பியருக்கு அது அருவருப்பு என்றும் அந்தத் தீர்ப்பு பேசியது. வெள்ளை அமெரிக்கர்களான மோர்மன்களை அந்நியராகக் காட்ட நம் மக்களின் பெயர் அங்கே பயன்பட்டது.

1890இல் ஐடஹோ மோர்மன்களின் வாக்குரிமை பற்றிய டேவிஸ் எதிர் பீசன் வழக்கில் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் மதத்துக்கு ஒரு வரையறை தந்தார். படைத்தவனோடு தனக்குள்ள உறவு பற்றி ஒருவர் கொள்ளும் கருத்தே மதம், வழிபாட்டு முறை அதிலிருந்து வேறுபட்டது என்பது அதன் சாரம். 1954இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் அந்த வரையறை மறுபடியும் எழுந்தது. அன்றைய மெட்ராஸ் மாநிலத்தின் இந்து அறநிலையச் சட்டத்தை உடுப்பியின் சீரூர் மடம் எதிர்த்த வழக்கு அது. நீதிபதி பி.கே. முகர்ஜியா ஃபீல்டின் வரையறையை எடுத்துப் பார்த்து, அது துல்லியமானதும் அல்ல, போதுமானதும் அல்ல என்றார். சடங்கு, வழிபாடு, உணவு, உடை வரைக்கும் மதம் நீளக்கூடும் என்பது அவர் நிலை.

இந்த வேறுபாடு சட்டப் புத்தகங்களோடு முடிவதில்லை. நம்பு, ஆனால் வாழாதே என்று ஒரு மனிதரிடம் சொன்னால் அவரிடம் மிஞ்சுவது என்ன? 19ஆம் நூற்றாண்டில் மோர்மன்கள் கேட்ட இந்தக் கேள்வியை, 21ஆம் நூற்றாண்டில் தன்பாலீர்ப்பாளர்கள் அவர்களிடமே திருப்பிக் கேட்டார்கள். நீ யாராக வேண்டுமானாலும் இரு, ஆனால் அப்படி வாழாதே என்ற சொல்லைத்தான் அவர்களும் வாழ்நாளெல்லாம் கேட்டிருந்தார்கள்.

அடிபட்ட கை அடித்தபோது

2008 மே 15 அன்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தன்பாலின மணத்துக்கு வழிவிட்டது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 18,000 இணையர் மணந்துகொண்டார்கள். அதைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் ‘எட்டாவது முன்மொழிவு’ என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு வந்தது. பணத்தாலும் நேரத்தாலும் உதவுமாறு மோர்மன் தலைமை எழுதிய கடிதம் ஜூன் இறுதியில் கலிபோர்னிய ஆராதனைகளில் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர்களும் சுவிசேஷ சபைகளும் அதே அணியில் இருந்தாலும், வீடு வீடாகச் சென்று கதவு தட்டிய உழைப்பில் மோர்மன்களின் பங்கு பெரிது. நவம்பர் 4 அன்று 52 விழுக்காட்டு வாக்குகளுடன் திருத்தம் வென்றது.

அந்தச் சபையாரின் உள்ளத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆலயத்தில் முத்திரையிடப்படும் திருமணம் மரணத்தைத் தாண்டியும் நீடிக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. குடும்பம் அவர்களுக்கு இரட்சிப்பின் பாதையிலேயே இருக்கிறது. அதைக் காப்பதாக நினைத்தே பலர் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தார்கள். ஆனால் மணமாகிச் சில மாதங்களே ஆன ஓர் இணையருக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நட்டிருந்த பிரசாரப் பலகை என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பம் குடும்பமல்ல என்று அது சொன்னது. சபையின் பிள்ளைகளாகவே வளர்ந்த தன்பாலீர்ப்பாளர்களுக்கு அந்தச் சொல் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

பெரும்பான்மையின் திருமண வரையறையால் சொத்தும் சுதந்திரமும் இழந்த ஒரு சமூகம், பெரும்பான்மை வாக்கால் இன்னொரு சிறுபான்மையின் திருமணத்தை வரையறுக்கத் துணிந்தது எப்படி? பட்ட துன்பம் தானாகவே இரக்கத்தைக் கற்பித்துவிடாது என்பதே விடை. நினைவைத் தோண்டியெடுத்து, இப்போது அந்த இடத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால்தான் அது கற்பிக்கும்.

மேசைக்கு வந்தவர்கள்

வாக்கெடுப்புக்குப் பிந்தைய கசப்பில், சால்ட் லேக் சிட்டியில் சபையின் பிரதிநிதிகளும் உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களும் விளம்பரமின்றிச் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள். 2009 நவம்பர் 10 அன்று, வீட்டுவசதியிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் நகராட்சி விதிகள் மன்றத்தின் முன் வந்தபோது, சபையின் மக்கள்தொடர்புத் தலைவர் மைக்கேல் ஓட்டர்சன் எழுந்து ஆதரவு தெரிவித்தார். விதிகள் ஒருமனதாக நிறைவேறின.

மாநில அளவில் அது எளிதாக இருக்கவில்லை. அதே பாதுகாப்புகளைக் கோரிய மசோதாக்கள் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் தோற்றன. 2013 டிசம்பர் 20 அன்று கூட்டரசு நீதிபதி ராபர்ட் ஷெல்பி, தன்பாலின மணத்துக்கு எதிரான யூட்டாவின் தடையை ரத்துசெய்தார். அன்றைக்கே இணையர்கள் மாவட்ட அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். 17 நாள் கழித்து உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிப்பதற்குள் ஏறத்தாழ 1,300 இணையர் மணம் முடித்திருந்தார்கள். 2014 அக்டோபரில் அந்த இடைக்காலத் தடையும் விலகியது. திருமணச் சண்டையில் சபையின் பக்கம் தோற்றிருந்தது.

அதன் பிறகு நடந்ததில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. 2015 ஜனவரி 27 அன்று டாலின் ஓக்ஸ் உள்ளிட்ட மூத்த தலைவர்கள், தன்பாலீர்ப்பாளருக்கும் மத நம்பிக்கையாளருக்கும் சேர்ந்தே பாதுகாப்புத் தரும் சட்டங்களை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். மறுபுறம் ‘ஈக்வாலிட்டி யூட்டா’ என்ற தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமை அமைப்பின் இயக்குநராக இருந்தவர் டிராய் வில்லியம்ஸ். மோர்மனாக வளர்ந்தவர். பாகுபாட்டுத் தடை மசோதாவை விவாதிக்க மறுத்த சட்டமன்றத்தில் 2014 பிப்ரவரியில் மறியல் செய்து கைதான பதின்மூவரில் ஒருவர். ஓராண்டுக்குள் அதே கட்டடத்தில் அவர் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தார். முன்பு முயன்று தோற்ற செனட்டர் ஸ்டீபன் உர்குஹார்ட்டும் பழமைவாதியான செனட்டர் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் மசோதாவைத் தூக்கிச் சென்றார்கள். செனட்டில் 23க்கு 5, கீழவையில் 65க்கு 10 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது.

சட்டத்தின் உள்ளே சில நுட்பங்கள் உண்டு. வேலையிலும் வாடகையிலும் பாகுபாடு தடுக்கப்பட்டது. மத அமைப்புகளுக்கும் 15 பேருக்குக் குறைவான ஊழியர் கொண்ட நிறுவனங்களுக்கும் விலக்கு இருந்தது. திருமணம், பாலுறவு பற்றிய மத நம்பிக்கையை வேலைக்கு வெளியே பேசியதற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. தன்பாலின மணத்தை ஆதரித்துப் பேசியவருக்கும் அதே காப்பு உண்டு. துணைச் சட்டம் ஒன்று, மணம் முடிக்க வரும் எந்த இணையருக்கும் சடங்கை நடத்தித்தர மாவட்ட அலுவலகம் ஓர் ஆளை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்றது. மனசாட்சி தடுக்கும் அலுவலர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் வாசலில் நிற்பவர் திருப்பி அனுப்பப்படக்கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தில் கிம் டேவிஸ் என்ற மாவட்ட அலுவலர் தன்பாலின மணத்தை எதிர்த்துத் திருமண உரிமம் தர மறுத்துச் சிறை சென்றபோது நாடே இரண்டாகப் பிரிந்தது. அடுத்த மாதம் ஓக்ஸ் பேசிய உரையொன்றில், பொதுப் பதவியில் இருப்பவர் தன் நம்பிக்கையைக் காட்டிச் சட்டப்பூர்வமான கடமையை மறுக்கக்கூடாது என்றார்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது

இந்த உடன்பாட்டை எல்லோரும் கொண்டாடவில்லை. கடை, உணவகம், விடுதி போன்ற பொதுச் சேவைகளை அது தொடவில்லை. மத விலக்குகள் மிக அகலமானவை என்று உரிமை இயக்கத்தினர் பலர் வருந்தினார்கள். சிறுபான்மையினர் தங்கள் அடிப்படைப் பாதுகாப்புக்கு மாநிலத்தின் வலிமையான சபையின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததே, அது சமமான மேசைதானா என்ற கேள்வி நியாயமானது. ஒரே சபை ஓங்கி நிற்கும் யூட்டாவில் நடந்ததை வேறிடத்துக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. இதை ஒட்டி 2019இல் அமெரிக்கக் காங்கிரசில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை.

அதைவிட ஆழமான காயம் சபைக்குள்ளேயே நேர்ந்தது. சட்டம் வந்து எட்டு மாதத்தில், 2015 நவம்பரில், தன்பாலின மணம் செய்த சபையாரை விசுவாசத்தைத் துறந்தவர்களாகக் கருதும் கொள்கையைத் தலைமை கொண்டுவந்தது. அவர்களோடு வாழும் பிள்ளைகள் 18 வயதுக்கு முன் ஞானஸ்நானம் பெற முடியாது என்றும் ஆயிற்று. பலர் சபையைவிட்டு விலகினார்கள். 2019 ஏப்ரலில் அந்தக் கொள்கை திரும்பப் பெறப்பட்டது, ஆனால் இடைப்பட்ட மூன்றரை ஆண்டு அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து திரும்பவில்லை. அயலானின் வாடகை வீட்டைக் காத்த கை, தன் வீட்டுப் பிள்ளையின் தலைமேல் வைக்க நீளவில்லை.

திருநர்களின் கதையும் அப்படித்தான். 2022இல் திருநர் மாணவிகள் பெண்கள் அணியில் விளையாடுவதைத் தடுக்கும் மசோதா நிறைவேறியபோது, ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் ஒப்புதல் தர மறுத்தார். மாநிலத்தில் விளையாடும் 75,000 உயர்நிலைப் பள்ளி மாணவரில் திருநர் நால்வர்தான், அதில் பெண்கள் அணியில் ஆடுபவர் ஒருவர்தான் என்று எழுதினார். சட்டமன்றம் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015இல் மேசைக்கு அழைக்கப்பட்டவர்கள், இந்த முறை எழுதப்படும் பொருளாகிப் போனார்கள்.

ஆயினும் அந்த மேசை அடியோடு கவிழவில்லை. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வீழ்ந்ததும், அடுத்து தன்பாலின மண உரிமையும் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. தன்பாலின மணங்களையும் இனக் கலப்பு மணங்களையும் அரசு அங்கீகரிப்பதை உறுதிசெய்யும் சட்டம் காங்கிரசுக்கு வந்தது. ஜூலையில் யூட்டாவின் நான்கு கீழவை உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களித்தார்கள், நால்வரும் குடியரசுக் கட்சியினர். மத அமைப்புகளைக் கட்டாயப்படுத்தாத பிரிவுகள் செனட்டில் சேர்க்கப்பட்டன. திருமணம் பற்றிய தன் போதனை மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே நவம்பர் 15 அன்று மோர்மன் சபை அந்தச் சட்டத்தை ஆதரித்தது. யூட்டாவின் செனட்டர்களில் மிட் ராம்னி ஆதரித்தும் மைக் லீ எதிர்த்தும் வாக்களித்தார்கள். இருவரும் மோர்மன்கள். செனட்டில் 61க்கு 36 என்று நிறைவேறிய சட்டத்தில் டிசம்பர் 13 அன்று குடியரசுத் தலைவர் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.

இரண்டு பணம்

அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன கதையைக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அறிவார்கள். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்த யூதனைக் கடந்து ஆசாரியனும் லேவியனும் போய்விட, ஒரு சமாரியன் நின்று தூக்குகிறான். யூதருக்கும் சமாரியருக்கும் இடையில் இருந்தது வெறும் குலப்பகை அல்ல. கடவுளை எருசலேமில் வணங்குவதா கெரிசீம் மலையில் வணங்குவதா என்ற தீராத நம்பிக்கை வேறுபாடு அது. கதை அந்த வழக்கைத் தீர்க்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சமாரியன் காயத்தைக் கட்டுகிறான், சத்திரத்தில் சேர்க்கிறான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.

அந்த இரண்டு பணத்தை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அது ஒரு மனிதனின் கூரைக்கும் உணவுக்கும் தந்த உத்தரவாதம். யூட்டாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் காத்ததும் ஏறத்தாழ அதையே. யார் வழிபாடு சரி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. உன் நம்பிக்கையை நான் ஏற்காவிட்டாலும், அதற்காக நீ தெருவில் நிற்க நான் விடமாட்டேன் என்று இரு தரப்பினரும் ஒருவருக்கொருவர் எழுதித் தந்தார்கள்.

இது அன்பின் முழு வடிவம் அல்ல. தம் பிள்ளையின் திருமணத்துக்குப் போக மறுக்கும் பெற்றோரை எந்தச் சட்டமும் அழைத்துவர முடியாது. சபைக்குள் ஓர் இளைஞர் சுமக்கும் தனிமையை எந்த வாக்கெடுப்பும் ஆற்றாது. அந்த வேலை வீடுகளிலும் ஆராதனைகளிலும் இன்னும் பாக்கியிருக்கிறது. ஆனால் சமாரியன் முதலில் செய்ததும் விவாதம் அல்ல, கட்டுப்போட்டதுதான். செலவு கூடினால் திரும்பி வந்து தருவேன் என்ற அவன் வாக்கைத்தான் யூட்டாவின் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் இன்னும் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.